அறுபத்து மூன்று சென்ட்

நூலகக் கணினி ஒருவருக்கு ஒரு மணி நேரம்.
இருபது நிமிடம்
பெயரை நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்பதிலேயே போயிற்று.
ஐனி ஹவுட்டலா. டலூத், மினசோட்டா.
அதன் கீழே வெள்ளை இடம்,
சன்னலுக்கு வெளியே உறைந்து கிடக்கும் ஏரி மாதிரி:
கால் வைத்தால் தாங்குமா, தெரியாது.

உங்களைப் பற்றி மூன்று வரியில் சொல்லுங்கள்
என்கிறது மாதிரிப் படிவம்.
முப்பத்தாறு வயது. மூன்று வரி.
இதில் வரவு எது, செலவு எது,
கையிருப்பு என்று எதைக் காட்டுவது?

'கடின உழைப்பும் ஆர்வமும் மிக்க'
என்று தட்டினேன். அழித்தேன்.
ஆர்வம் மிக்க ஆயிரம் பேர்
இந்நேரம் இதையேதான் தட்டிக்கொண்டிருப்பார்கள்.
'நுணுக்கமான கவனம் உடைய.'
நுணுக்கத்தில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன்.
'தங்கள் மேலான நிறுவனத்தோடு சேர்ந்து வளர'
வளரவா?
எனக்கு வேண்டியது பல்லுக்குக் காப்பீடும்
மீன் வாடை அடிக்காத ஒரு நாற்காலியும்.
மேலான நிறுவனம்
வீடுகளுக்குக் கணப்பு எண்ணெய் விற்கிறது.
கணக்குப் பிரிவில் ஓர் இடம்,
அனுபவம் கட்டாயமில்லை என்று போட்டிருக்கிறார்கள்.

பக்கத்துக் கணினிக்காரர் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு
மறுபடி கலைத்துப் போடுகிறார்.

அனுபவம் என்னிடம் இல்லாமலில்லை.
நீமியின் தூண்டில் இரைக் கடை, ஒன்பது குளிர்காலம்.
பகலில் குஞ்சுமீன் அள்ளி விற்பேன்,
இருட்டியதும் கல்லாவை எண்ணுவேன்.
மாலைக் கல்லூரிப் பாடத்தை
பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம் என்று
மீன் தொட்டிகளுக்கு ஒப்பித்திருக்கிறேன்.
அவை ஆட்சேபித்ததில்லை.

ஒரு ஜனவரியில்
கல்லாவில் அறுபத்து மூன்று சென்ட் குறைந்தது.
'விடு ஐனி, நானே போட்டுவிடுகிறேன்'
என்று ஆர்வில் நீமி சட்டைப்பையைத் துழாவினார்.
விடவில்லை நான்.
தாராள மனசு வேறு, கணக்கு வேறு.

அறுபத்து மூன்று ஒன்பதால் வகுபடும்.
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
முதலில் திருடனைத் தேடக் கூடாது;
எங்கேயோ இரண்டு எண்கள்
இடம் மாறி உட்கார்ந்திருக்கக் கூடும்.
மூன்று இரவு, ஒரு கட்டு ரசீது.
ஹீட்டர் நின்றுபோய்
மூச்சு தாளின் மேல் புகையாய் இறங்கிய நேரத்தில்
அகப்பட்டது:
பதினொன்று இருபத்தொன்பது வாங்கிக்கொண்டு
பதினொன்று தொண்ணூற்றிரண்டு என்று
பேரேட்டில் ஏற்றியிருக்கிறது ஒரு கை.
அந்தச் சாய்ந்த ஒன்பதை எனக்குத் தெரியும்.
என் கைதான்.

அதை எழுதினேன்.
'ஒருமுறை கல்லாவில் அறுபத்து மூன்று சென்ட் குறைந்தது.
மூன்று இரவில் கண்டுபிடித்தேன்.
பிழை என்னுடையது; திருத்தித் தேதியிட்டுக் கையெழுத்திட்டேன்.
உங்கள் கணக்கையும் இப்படித்தான் பார்ப்பேன்.'

நான்கு வரி.
எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினேன்.
'பிழை என்னுடையது' என்பதன் பின்னால்
கோடு மினுங்கி மினுங்கி நின்றது,
எடுத்துவிடேன் என்பது போல.
எடுத்தால் மூன்று வரிக்குள் அடங்கும்.
எடுத்தால் யாரோ செய்த தப்பை
நான் துப்பறிந்ததாகவும் ஆகும்.
திரையில் நான்கு நிமிடம் மிச்சம்.
வரி இருக்கட்டும் என்று விட்டேன்.

அச்சு ஒரு பக்கம் பத்து சென்ட்.
இருபத்தைந்து கொடுத்தேன்.
நூலகப் பெண் பாராமலே
இருபதைத் தள்ளினாள்.
பின்னால் வரிசை நின்றது,
தாள் இன்னும் சூடாக இருந்தது.

ஐந்து அதிகம், என்றேன்.