தகுதியற்ற செலவுகள்

ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும்.
இப்போது நாலு இருபது.
வெளியே ஸ்காபரோ முழுக்கப் பனி,
நூலகத்தின் மூன்றாம் கணினியில் நான்,
கையுறை ஒன்றைக் காணவில்லை.

கேள்வி ஏழு:
உங்கள் திட்டத்தில் புதுமை என்ன?
இருநூறு சொற்களுக்கு மேற்படாமல்.

புதுமை ஒன்றுமில்லை ஐயா.
செவ்வாய், வியாழன், சனி
யோகாம்பிகை அக்காவை வானில் ஏற்றி
ஆஸ்பத்திரி வாசலில் இறக்குகிறோம்.
நாலு மணித்தியாலம் இரத்தம் கழுவி முடியும்வரை
லோகிதன் வானுக்குள் இருந்து
யாரோ பாதி நிரப்பிய குறுக்கெழுத்தை நிரப்புவான்.
பிறகு வீடு.
போன வருடமும் இதுதான்.
இதில் புதிதாக ஏதும் நடந்தால்
அன்றைக்கு ஒரு இருக்கை காலி.

கேள்வி ஒன்பது: பயனாளிகள் எத்தனை பேர்?
பதினொன்று என்று அடித்தேன்.
முன்னைய விண்ணப்பத்தில் பதின்மூன்று.
குறைந்ததற்குக் காரணம் எழுதச்
சின்னப் பெட்டியொன்று தானாகத் திறந்தது.

அதை வெறுமையாக விட்டால்
அடுத்த பக்கம் போகவிடாது.
ஒரு புள்ளி வைத்தேன்.
போக விட்டது.

பதாகைக்குப் பணம் உண்டு.
பயிற்சிப் பட்டறைக்கு, மதிப்பீட்டு அறிக்கைக்கு உண்டு.
பெட்ரோலும் பனிக்கால ரயரும்
தகுதியற்ற செலவுகள்.
எனவே எங்கள் பழைய வானுக்கு
‘சமூக நடமாட்ட முன்னெடுப்பு’ என்று
பேர் சூட்டினேன்.
சிரிக்க ஆளில்லை.

நாலு ஐம்பத்தேழுக்கு அனுப்பினேன்.
நன்றி, பதினாறு கிழமைக்குள் பதில் வரும் என்றது இயந்திரம்.
கிழமைக்கு மூன்று. நாற்பத்தெட்டுத் தடவை,
ஒரு ஆளுக்கு.

லோகிதன் அழைக்கிறான்:
“பின் ரயர் வழுக்குது, மெல்லத்தான் வாறம்.
அக்கா நித்திரை.
ரேடியோவை நிப்பாட்டிப்போட்டன்.”