ஆறங்குலம்

ரேஸ் கோர்ஸில் மில்காரர் பங்களாவை இடிக்கிறார்கள் என்று
கிட்டுசாமி போன் செய்தபோது
திருப்பூரில் செக்கிங் மேசையில் இருந்தேன்,
பனியன் ஓட்டைகளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு.
அரைநாள் சம்பளம் போனால் போகட்டும்.

குளியலறைச் சுவரில் பதினாறு இருந்ததாம்.
மெஷின் வைத்து உடைத்ததில்
பிழைத்தது ஒன்று.
பழுப்பு வெள்ளையில் கரும்பச்சைக் கோடு:
ஒற்றைக்கால் கொக்கு,
மூங்கில் இரண்டு கணு,
மேல்மூலையில் எதற்கோ வளையத் தொடங்கி
விளிம்போடு அறுந்துபோன ஒரு வில்.

"ஏனுங் அம்முணி, கொக்கு பாக்கோணும்னா
கொளத்தாங்கரைக்குப் போலாமுங்க, சும்மாவே"
என்றார் கிட்டுசாமி,
எண்ணூறு ரூபாயை இரண்டாம் தரம் எண்ணியபடி.

வெந்நீரில் ஊறப்போட்டு
ஊக்கால் சுரண்டினேன் பின்புறத்துச் சுண்ணாம்பை.
பாதி ஆங்கில எழுத்துகள். வைர வடிவில் ஒரு முத்திரை.
ஓரத்தில், சுடுமுன் அழுந்திய யாரோ ஒருவரின் பெருவிரல்.

வரைந்தவர் ஜப்பானைப் பார்த்திருக்க மாட்டார்.
விசிறியில், தேயிலைப் பெட்டியில்,
யாரோ கொண்டுவந்த துணியில் பார்த்திருப்பார்.
கழுத்து வாத்துக் கழுத்து.
காலில் ஒரு விரல் குறைகிறது.
(என் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.
அதற்குத்தான் சம்பளம்.)
ஸ்டிக்கர் ஒட்டவில்லை.
நானும்தான் தினம் ஐந்நூறு கழுத்துப்பட்டிகளில்
போகாத ஊர்களின் பெயரை
எழுத்துப்பிழை இல்லையென்று அனுப்பிவைக்கிறேன்.

கட்டிலுக்கடியில் நாற்பத்தொன்று,
ஏற்றுமதிப் பெட்டிகளில், வேஸ்ட் துணி சுற்றி.
வீட்டுக்காரர் அந்தப் பக்கம் கால் நீட்டுவதில்லை.

ஏழு மாதம் கழித்து
சோமனூர் பஸ் ஸ்டாண்டு எதிரே
அர்த்தநாரி டீக்கடையில்
பால் சட்டிக்கு அடியில் பார்த்தேன்
நிலாவை.
முழுசாக இல்லை. முக்கால் நிலா,
இரண்டு மூங்கில் இலை குறுக்கே.
இடப்பக்க விளிம்பில் வில் அறுந்திருந்தது,
என் வில் அறுந்த அதே உயரத்தில்.
போனில் படத்தை எடுத்து அருகில் வைத்தேன்.
கை நடுங்கியதில் இரண்டுமுறை தப்பி
மூன்றாம் முறை சேர்ந்தது.

"ஆயிரம் தர்றேனுங்க."
"சூடு தாங்குதுங். குடுக்கறதுக்கில்லீங்."
"ரெண்டாயிரம்."
துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.
"மூவாயிரம்" என்று சொன்னேன் பாருங்கள்,
அங்கேதான் கெடுத்தேன்.

அடுத்த ஞாயிறு
பால் சட்டி தகரத்தின் மேல் இருந்தது.
"கோயமுத்தூர்ல வெசாரிச்சனுங்.
அம்பதாயிரத்துக்குப் போகுமாமா.
பீரோல வெச்சுப் பூட்டீட்டேன்."
அவ்வளவெல்லாம் போகாது என்றேன்.
வாங்க வந்தவள் சொல்வதை யார் நம்புவார்?

இப்போதும் ஞாயிறுதோறும் இறங்குகிறேன் அங்கே.
சட்டி தகரத்தில் தடதடக்கிறது.
டீயில் கொஞ்சம் ஆடை கூடிவிட்டது.
நான் கேட்பதில்லை, அவரும் எடுப்பதில்லை.
மேசைப்பலகையில், புகை படாமல் வெளுத்த
ஒரு சதுரத்தில்
தகரம் சரியாகப் பொருந்தவில்லை.
இரண்டு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்,
பஸ் வரும்வரை.