தாமரையில் தண்ணீர் நிற்பதில்லை

பதினாலாயிரம் திர்ஹாம்.
உம்முல் குவைனில் ஒரு மதிலோரம்
ஒன்பது வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.
விற்றவர் திருப்பித் திருப்பிச் சொன்னார்:
லோட்டஸ், மேடம், இது லோட்டஸ்.
தாமரை என்றால் எனக்குத் தெரியும்.
தண்ணீர் ஒட்டாது.

ஒட்டவில்லை.
மூக்கில் ரேடியேட்டர், முதுகுக்குப் பின்னால் எஞ்சின்,
நடுவே வண்டி நீளத்துக்கும் ஓடும் இரண்டு குழாய்.
எந்த மூட்டு கசிகிறதென்று கண்டுபிடிக்க
மூன்று ஞாயிற்றுக்கிழமை.
சொட்டிய பச்சையின் மேல் பூனை மண் தூவிப்
பெருக்கி அள்ளிவிடுவேன்,
வாட்ச்மேன் தீர்க் பகதூர் ரவுண்ட்ஸ் வருமுன்.
இவ்வளவு மண் வாங்குகிறீர்களே,
பூனைக்கு என்ன பெயர் என்றார் பக்காலாக்காரர்.
தாமரை என்றேன்.

துபாயில் ஏசி போட்ட கராஜ் ஒன்று
டைமிங் பெல்ட் மாற்ற ஒன்பதாயிரம் கேட்டது.
காப்பி கொடுத்தார்கள்.
காப்பி நன்றாகவே இருந்தது.

பெல்ட், டென்ஷனர், நீர் பம்பின் சீல்,
கூரியரோடு அறுநூற்று நாற்பது.
கூலி, என் விரல்.
வீறிட்டழும் குழந்தையின் புறங்கையில்
நரம்பைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிற விரல்.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம்.
கண்ணுக்குத் தெரியாத நட்டு
அதற்குப் புதிதல்ல.
நட்டு அழுவதும் இல்லை.

டார்ச் பிடிப்பது ரெக்ஸ்லின்.
பிடித்துக்கொண்டே தூங்கிவிடுவான்,
வெளிச்சம் மெல்ல என் காதுக்கு நகரும்.
ஆனால் கணக்கு அவனுடையது.
நோட்டில் வாடகைக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் நடுவே
தாமரைக்கு ஒரு பக்கம், மாதம் முந்நூறு.
தாண்டினால் அடுத்த மாதம் வண்டி பட்டினி.
மார்ச்சில் மகளுக்குப் பல் கம்பி: பூஜ்யம்.
ஏப்ரலிலும் பூஜ்யம்.
அடியில் மட்டும் பென்சிலால், சின்ன எழுத்தில்:
பிரேக்குக்குக் கணக்குப் பார்க்காதே.

பின்விளக்கு ஒன்று உடைந்திருந்தது.
அது பழைய கொரோலாவின் விளக்கு.
இதைச் செய்த இங்கிலாந்துக்காரனும்
என்னைப் போலத்தான், கிடைத்ததை மாட்டியிருக்கிறான்.
ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா, குல் சமானின் ஸ்கிராப் யார்டு.
ரெக்ஸ்லினின் சன்னியில் போனேன்.
வண்டியைக் காட்டினால் விலை மூன்று மடங்கு.
எந்த வண்டிக்கு, பாஜி?
கொரோலாவுக்குத்தான்.
முப்பத்தைந்து.

மாட்டினேன். எரியவில்லை.
புது பல்பு. ஃபியூஸ் சரி. ஸ்விட்ச் சரி.
இரவு இரண்டரைக்குக் குளியலறையில் கால் கழுவும்போதுதான்
உறைத்தது.
இரும்பு உடம்பென்றால்
மின்சாரம் எங்கே தொட்டாலும் பாட்டரிக்குத் திரும்பிவிடும்.
இது ஃபைபர் உடம்பு.
ஒவ்வொரு விளக்குக்கும்
திரும்பிப் போக ஒரு கறுப்புக் கம்பி தனியாக வேண்டும்.
அதன் நுனி பச்சை பூத்திருந்தது.
உப்புத்தாள், ஒரு திர்ஹாம்.

சுவரெல்லாம் சிவப்பு.
ரெக்ஸ்லின் விழித்துக்கொண்டு
என்ன, தீயா என்றான்.

பாஸிங் அன்று
ஒரு கண் சட்டென்று எழுந்தது.
மற்றது யோசித்து யோசித்து எழுந்தது.
சோதித்த இளைஞர் சிரித்துவிட்டார்.
எந்த கராஜில் செய்தீர்கள்?
பி டூ, தூண் நாற்பத்தொன்று.
அவர் அதை எழுதிக்கொண்டார்.

முல்கியாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
மலீஹா ரோட்டில் போய்த் திரும்பினேன்.
வேகம் எவ்வளவென்று கேட்காதீர்கள்,
நான் பார்த்தது சூட்டு முள்ளை மட்டும்.
எண்பத்தெட்டில் நின்றது.
ஒட்டகப் பலகை தாண்டி, பெட்ரோல் பங்க் தாண்டி,
எண்பத்தெட்டு.

நிறுத்தினேன். அணைத்தேன்.
உலோகம் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
குனிந்து பார்த்தேன்.
ஒரே ஒரு சொட்டு, பச்சை.
விரலில் தொட்டு முகர்ந்தால் இனிப்பு வாசம்.

பூனை மண் வேறு தீர்ந்துவிட்டது.