அரையாண்டு

கிச்சிப்பாளையம் முக்கில்
ஜெராக்ஸ் கடையின் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து
என் வீட்டை முதன்முதலாகப் பார்த்தேன்.

வரிவிதிப்பு எண்ணைத் தட்டினால் வருகிறது:
மண்டலம், வார்டு, தெரு, கதவு எண்,
பழையது ஒன்று, புதியது ஒன்று.
பால்காரர் சாக்கட்டியில் எழுதி வைத்த மூன்றாவது எண்
அதில் இல்லை.

உபயோகம்: குடியிருப்பு, சொந்தம்.
பரப்பு: நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.
நேற்று ராத்திரி பீரோவை நகர்த்தி
தையல் டேப்பால் அளந்தேன்,
முந்நூற்று எழுபதைத் தாண்டவில்லை.
"சுவத்தோட கனமும் சேருங்க்கா"
என்றான் கடைப்பையன்.
ஆக நாற்பத்திரண்டு அடி
சுவருக்குள்ளே இருக்கிறது, அதற்கும் வரி.
இருக்கட்டும்.
சில வருடம் அதில்தான் சாய்ந்து கிடந்தேன்.

கட்டடத்தின் வயதுக்குத் தேய்மானம் கழிக்கிறார்களாம்.
நல்லது.
சேகோ ஆலையில் பதினாறு வருடம்
ஈரமாவு அள்ளிய முழங்கைக்கு
அப்படி ஒரு கட்டம் யாரும் போடவில்லை.

நான் வந்தது நிலுவை பார்க்க.
மறுமதிப்பீடு என்று நோட்டீஸ் வந்திருந்தது,
பழைய பாக்கியெல்லாம் வட்டியோடு எழுந்து நிற்கும்,
குழாயைப் பிடுங்குவார்கள், கதவில் ஒட்டுவார்கள் என்று
வளையலைக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன்.

நிலுவை: பூஜ்யம்.

"இன்னொரு தடவை பாரு தம்பி."
பார்த்தான். பூஜ்யம்தான்.
செலுத்திய விவரம் என்று ஒன்றை அமுக்கினான்,
ரசீதுகள் சரசரவென்று இறங்கின.

நான் கட்டாதவை எவை என்று எனக்குத் தெரியும்.
அவன் போனது ஆடி கடைசியில்.
அந்த அக்டோபரில் தொடங்கி ஏழு அரையாண்டு.
பில் கலெக்டரின் வண்டிச் சத்தம் சந்தில் திரும்பினால்
விளக்கை அணைத்து
பிள்ளையின் வாயைப் பொத்தி உட்கார்ந்திருப்பேன்.
ஒரு கட்டத்தில் அவர் வருவது நின்றது.
மறந்துவிட்டார் என்று நினைத்து
கோட்டை மாரிக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

ஏழும் இருக்கின்றன.
ஏழும் ரொக்கம்.
வசூல் மையம்: சூரமங்கலம்.
சூரமங்கலத்துக்கு நாங்கள்
ரயில் ஏறத்தான் போவோம்.
செலுத்தியவர் என்ற இடத்தில்
அர்த்தநாரி
அர்த்தநாரி
பையன் மேலே தள்ளத் தள்ள
அர்த்தநாரி.

பெயரிலேயே பாதி இருப்பவன்.
பாதி வருடத்துக்கு ஒருமுறை
எங்கிருந்தோ வந்து இறங்கி
வரிசையில் நின்று, சில்லறை எண்ணிக் கொடுத்து,
ஆட்டோவில் கால் மணி நேரத்தில் இருக்கும் வீட்டுக்கு
வராமல் திரும்பிப் போயிருக்கிறான்.
பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்ட மார்ச்சிலும்
ஒரு ரசீது இருக்கிறது.
தேதி பதினெட்டு.
அன்று நாங்கள் பெரியாஸ்பத்திரியில்.

உடனே அழுகை வரும் என்றுதான் நினைத்தேன்.
வந்தது வக்கீல் குமாஸ்தா நாச்சிமுத்து சொன்னது.
பத்திரம் வேற, பட்டா வேற, பாவாயி,
ஆனா வரி ரசீதுக்கும் கோர்ட்ல வாய் உண்டு.
கட்டினவன் வந்து நான் விடலையே என்பான்.
அப்படியும் இருக்கலாம்.
எங்கள் மேல் கூரை இருக்கட்டும் என்று கட்டினானா,
கூரை மேல் தன் கை இருக்கட்டும் என்று கட்டினானா,
ரசீதில் தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது,
கல்விவரி, நூலகவரிகூடத் தனித்தனியாக இருக்கிறது.

எட்டாவதிலிருந்து என் பெயர்.
அவனுக்கு அது தெரிந்திருக்கும்.
அங்கே போய் நின்று
"கட்டியாச்சே" என்று யாராவது சொல்லி
திரும்பியிருப்பான்.
அந்தப் பணத்துக்கு என்ன வாங்கினானோ.

"இந்த அரையாண்டைக் கட்டிரலாமாக்கா?"
கட்டு என்றேன்.
"பேரு?"
பாவாயி.
"இனிஷியல்?"
அ.
என் அப்பாவும் அங்கமுத்துதான்.
எந்த அ என்று பையனும் கேட்கவில்லை,
கம்ப்யூட்டரும் கேட்கவில்லை.

சேர்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
கரண்ட் போவதற்குள் எடுத்துவிடு என்றேன்.
எத்தனை பிரதி என்றான்.
இரண்டு.