பத்து டைல்ஸ் தூரம்

காலை ஏழரையிலிருந்து
கண்ணை மூடித் திறக்கச் சொல்வதுதான் என் வேலை.
பொம்மனஹள்ளியில் ஆறாவது மாடி,
ஏசிக் காற்று நேராக முகத்தில் இறங்கும் இருக்கை.
கடன் கேட்டுத் திரையில் வரும் முகங்களிடம்
தமிழிலும் கன்னடத்திலும் கொஞ்சம் தெலுங்கிலும்
"ஒருக்கா மூடித் திறங்க, சார்."
திறந்தால் பச்சை டிக்.
புகைப்படம் இமைக்காது.
இமைத்தால் ஆள். ஆள் என்றால் கடன்.

வானவர் இமைப்பதில்லை என்பார்கள்.
வியர்ப்பதில்லை, கால் நிலத்தில் பாவாது, மாலை வாடாது.
எங்கள் தளத்தில் நூற்றுப்பத்து வானவர்கள்.
சுழல் நாற்காலியில் கால் தொங்க,
கழுத்தில் வாடாத அடையாள அட்டையோடு.

முதலில் மணல் என்றுதான் நினைத்தேன்.
சில்க் போர்டில் தூசிக்கா பஞ்சம்?
துப்பட்டா நுனியில் ஊதி ஒற்றிக்கொண்டேன்.
பிறகு, மதியம் மூன்று மணிக்கு மேல்
எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன.
எண்பத்து மூன்றில் பிறந்தவளை எண்பத்தெட்டு என்று படித்து
ஐந்து வயது குறைத்தேன். அவள் சிரித்தாள்.
மாதக் கடைசி மதிப்பெண் சிரிக்கவில்லை.
புருவத்துக்கு மேலே ஒரு நரம்பு
பழைய ரெகுலேட்டர் மாதிரி முறுக்கிக்கொண்டது.
தலைவலி என்று மாத்திரை போட்டேன்.
தூக்கம் போதவில்லை என்றாள் பக்கத்து சீட் ஷைலஜா.
கண் என்று யாருக்கும் தோன்றவில்லை,
கண்ணால்தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு வந்தவர் இருதயராஜ்.
வேப்பலோடைப் பக்கம் உப்பளம்,
பழைய மோட்டார் ஒன்று வாங்க நாற்பதாயிரம்.
வெள்ளை வெயிலில் வெள்ளைப் பாத்தி, நடுவில் நின்று
போனைப் பிடித்திருந்தவரின் கண் ஏற்கெனவே பாதி மூடியிருந்தது.
மூடச் சொன்னால் இன்னும் சுருக்கினார்.
சிவப்பு.
மறுபடியும் சிவப்பு.
மூன்றாவதும் போனால்
இவர் உயிரோடு இல்லை என்று முடிவு கட்டிவிடும் திரை.
"நீங்க ஒருக்கா செஞ்சு காட்டுங்கம்மா,
பாத்துக்கிட்டே செய்றேன்."

மூடினேன்.
திறக்க வரவில்லை.
உள்ளே ஒரு எரிச்சல், வெந்நீர் தெறித்தாற்போல,
அப்புறம் நீர், நிற்காமல்.
"என்னம்மா அழுவுறீய? கடன் வராதா?"
"வரும் சார். டிக் விழுந்துட்டுது."

ஜெயநகரில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து
பவர் ஒன்றும் இல்லை,
இமைக்க மறந்திருக்கிறீர்கள் என்றார்.
இப்படியும் ஒன்றை மறக்க முடியுமா?
ஒரு சொட்டு மருந்து. கூடவே சீட்டில் எழுதித் தந்தது:
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
இருபது அடிக்கு அப்பால் எதையாவது
இருபது விநாடி.

என் பிஜி ஜன்னலுக்கு வெளியே நாலாவது அடியில்
அடுத்த பிஜியின் சுவர்,
அதில் மூன்று வாரமாகக் காயும் ஒற்றை சாக்ஸ்.
இந்த ஊரில் இருபது அடிக்கு வாடகை எவ்வளவு ஆகும்?

ஆபீஸ் தரையை எண்ணினேன்.
டைல்ஸ் ஒன்று இரண்டடி. பத்தாவது டைல்ஸில்
தீயணைப்பு சிலிண்டர்.
சரி, அதுதான் என் தொலைவு.
திரைக்கு அடியிலிருந்த இரண்டு ஃபைல்களை உருவினேன்,
நாலு விரல் கீழே இறங்கியது.
ஏசி வாய்க்கு அட்டை செருகினேன்.
ஒவ்வொரு அழைப்பிலும் நானும் சேர்ந்து மூடித் திறந்தேன்.
கண்ணடிக்கிறேன் என்று ஹூப்ளிக்காரர் ஒருவர் புகார் எழுதினார்.

விசாரிக்க வந்த டீம் லீடர் பிரதோஷ்
என் பார்வை போகும் பக்கம் திரும்பிப் பார்த்தான்.
அப்படி என்ன இருக்கு அந்த சிலிண்டர்ல?
தேதி முடிஞ்சு போச்சு, என்றேன்,
மூன்றாம் மாசம் எட்டாம் தேதியே.

நாலு மணி ஆகியிருந்தது.
மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் இருந்தன.