தக்காளி மூக்கு

ஆர்டர் போட்ட சிவப்பு மூக்குகள்
பாலக்கோட்டுக்கு வந்து சேரவில்லை.
சௌடேஸ்வரி பை நிறையத் தக்காளி கொண்டுவந்தாள்.
"கிலோ ரெண்டு ரூபா மிஸ், கொட்டத்தான் போறோம்."

பாதியாய் அரிந்து, விதை வழித்து,
ரப்பர் பேண்டில் கோத்து மாட்டினோம்.
சாறு உதட்டுக்கு இறங்கியது.
பேசக் கூடாது. விழலாம். அவ்வளவுதான் விதி.

வெறுங்கையில் ஒரு கிரேட் தூக்கினாள்.
சந்தையில் இறக்கினாள்,
கூவாமல் கூவினாள்,
யாரும் வாங்காததைத் திரும்பத் தூக்கினாள்.
இப்போது கனம் கூடியிருந்தது.
ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு
விழுந்து விழுந்து சிரித்தது.
மூன்றாம் தடவை
கிரேட் அவளை இழுத்துப் போனது.

மாதேஷ் எழுந்தான்.
மூக்கில்லாமல் போய்
மறுமுனையைப் பிடித்தான்.
"பாத்து, படி இருக்கு" என்றான்.

பேசிவிட்டான்.
விசில் என் வாயிலேயே இருந்தது.
சுவரோடு ஒட்டி நின்றேன்,
இடித்துவிடப் போகிறது.