இருபது றாத்தல் மிச்சம்

"இழுக்கும்" என்றான் விற்பனைக்கார டெரிக்.
ஒரு சொல், அதற்குமேல் ஒரு சிரிப்பு.
சபாநடேசன் தலையாட்டினார்.
கையில் ஏற்கெனவே பேனை.

கம்லூப்ஸ், மே மாதம்.
மலைகள் இன்னும் ஒரு கிழமைக்குப் பச்சை,
பிறகு பழுப்பு, பிறகு புகை.
முற்றம் முழுக்க வெள்ளை ட்ரெய்லர்கள்
மூக்கை உயர்த்தி
யாரோ ஒருவரின் முதுகில் ஏறக் காத்திருந்தன.

அதுதான் இந்தச் சாதியின் குணம்.
பின்னால் தொங்கி வராது.
ட்ரக்கின் பெட்டிக்குள் கழுத்தை நீட்டித்
தன் பாரத்தில் ஐந்திலொன்றை
அச்சின்மேல் இறக்கிவிடும்.
ஆஸ்பத்திரி மருந்தகத்தில்
முப்பது வருடம் மில்லிகிராம் எண்ணியவள் நான்.
"கிட்டத்தட்ட" என்ற சொல்லோடு எனக்குச் சரிவராது.

எங்கள் ட்ரக்கின் கதவைத் திறந்தேன்,
ஐந்து வருடம் ஏறி இறங்கிய கதவு.
நிலையில், பூட்டுக்குக் கீழே, மஞ்சள் விளிம்பில் ஒரு சீட்டு:
ஆட்களும் சாமானும் சேர்த்து
ஆயிரத்து அறுநூற்று நாற்பது றாத்தல்.
அதற்கு மேல் ஒருபோதும் கூடாது.

பற்றுச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
தண்ணீரும் சட்டியும் அரிசியும் ஏறினால்
ட்ரெய்லர் ஏழாயிரத்து ஐந்நூறு.
ஐந்திலொன்று ஆயிரத்து ஐந்நூறு.
கொளுக்கி மட்டும் நூற்றிருபது.

"மிச்சம் இருபதோ?"
"இருபது. மிளகு பதினெட்டு.
நாய் போகலாம்.
ஓட்டத்தான் ஆளில்லை."

"எத்தனையோ பேர் இழுக்கிறார்கள்" என்றான் டெரிக்.
இழுக்கும்தான். நான் கேட்டது வேறு.
கோக்கிஹாலா இறக்கத்தில், மழையில்,
வளைவுக்கு அப்பால் ஒரு மான் நின்றால்
இது நிற்குமா?

அவன் வானிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

மூன்று கிழமை ட்ரக் தேடினோம்.
அபொட்ஸ்ஃபோர்டில் ஒன்று, அளவுக்கு மீறிக் கழுவியிருந்தது.
மெரிட்டில் ஒன்று, அடியில் துரு பூத்திருந்தது.
கடைசியில் ஒரு குதிரைக்காரியின் ஒரு-டன் டீசல்,
சீட்டின் தையலுக்குள் இன்னும் வைக்கோல்.
எட்டு அடிப் பெட்டி.
திரும்பும்போது ட்ரெய்லரின் மூக்கு
பின்கண்ணாடியை உடைக்காது.
முதலில் கதவைத்தான் திறந்தேன்.
மூவாயிரத்து நானூறு.

அன்றைக்கே அவருக்கு ஆசை பெருத்தது.
"இவ்வளவு தாங்குமெண்டால் பெரிசாவே எடுப்பம்.
சுவரில கணப்பு, குசினிக்கு நடுவில மேசை..."
விரலுக்குத் தக்க வீக்கம் என்றேன்.
"அதுதான் விரலையே மாத்திட்டமே!"
அந்த இரவு இரண்டு பேரும்
கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

காலையில் தாளில் இரண்டு கோடுகள்தான் வெறுமை.
ஓட்டுபவர். பக்கத்தில் இருப்பவர்.
அவர் நூற்றுத் தொண்ணூறு என்று எழுதினார்.
நான் பார்த்தேன்.
வெட்டினார். இருநூற்றுப் பதினான்கு.
பேனையை என் பக்கம் உருட்டிவிட்டு
ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார்.
முப்பத்தொரு வருடமாக
நான் அவருக்குச் சொல்லாத ஓர் இலக்கம்.
எழுதினேன்.
தாளை மடிக்கவில்லை.

சின்ன ட்ரெய்லர்தான் வந்தது. கணப்பு இல்லை.

பெருந்தெருவின் எடைமேடையில் இரவு ஆளில்லை.
பலகை மட்டும் சிவப்பாக எரிந்தது.
முன்னச்சு, பின்னச்சு, பிறகு வால்.
கிலோவில் விழுந்ததை நான் றாத்தலாக்க,
ஆயிரத்துக்கு மேல் இடம் மிச்சம்.
"அப்ப என்ன ஏத்துவம்?" என்றார் சபாநடேசன்.
மிளகு கொட்டாவி விட்டது.

புறப்பட்ட விடியலில் கடும் குளிர்.
கொளுக்கியின் தாடை டக்கென்று மூடியது.
ரோச் லைட்டோடு குனிந்தேன்.
எல்லாம் கழன்றாலும்
பிரேக்கை இழுத்துப் பிடிக்கிற மெல்லிய கம்பி,
அதை ட்ரக்கின் உடம்பில் நானே மாட்டினேன்.
ட்ரெய்லரின் முன்கால்கள் இன்னும் தரையில்.

"பூட்டிட்டுதே?"

பூட்டியதுபோலத்தான் இருந்தது.
போல.

"இன்னொருக்கா இழுங்கோ" என்றேன்.